ஓடை எங்கே அடைத்திருக்கிறது? மருத்துவ ஆய்விதழ்களின் செய்தியோடைக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

மட்டக்களப்பில் ஒரு மருத்துவ நூலகத்தின் மேசையில் இருந்துகொண்டு வைத்தியர்களுக்கும் தாதிய உத்தியோகத்தர்களுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் செய்தியோடை அமைத்துக் கொடுப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்று. அமைத்துக் கொடுக்கப் பத்து நிமிடம் போதும். இரண்டு மாதம் கழித்து, "ஒன்றும் வருவதில்லையே" என்று திரும்பி வருகிறவரோடு இருந்து காரணம் தேடுவதில்தான் அரை நாள் போய்விடுகிறது. இந்தக் குறிப்பு அந்த இரண்டாவது வருகைக்கு உரியது.

ஓடை என்பது ஆய்விதழின் வழங்கியில் (சேர்வரில்) கிடக்கும் ஒரு சிறு கோப்பு, அவ்வளவுதான். புதிய கட்டுரை வெளியானதும் அதன் தலைப்பு, சுருக்கம், இணைப்பு, திகதி ஆகியவை கோப்பின் தலைப்பக்கத்தில் ஏறும். பழையவை வால்பக்கத்தில் உதிரும். வாசிப்பான் என்ற செயலி அவ்வப்போது போய் அந்தக் கோப்பைப் பார்த்து, புதிதாக இருப்பதை எடுத்துக்கொண்டு வரும். உங்களுக்கு யாரும் எதையும் அனுப்புவதில்லை. உங்கள் செயலிதான் போய் எடுக்கிறது. கோப்பின் வடிவம் ஆர்.எஸ்.எஸ். ஆக இருக்கலாம், ஆட்டம் ஆகவும் இருக்கலாம். (வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் ஆடும் ஊரில் 'ஆட்டம்' என்று எழுதினால் வேறு எண்ணம்தான் வரும். இது அணுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்.) இரண்டையும் எல்லா வாசிப்பான்களும் படிக்கும். எது நல்லது என்ற வாதத்தில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

எந்தக் கோளாறானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

வாசிப்பானில் அந்த ஓடையின் அமைப்புக்குப் போய் அதன் முகவரியைப் பிரதி எடுத்து, கணினியின் உலாவியில் ஒட்டித் திறவுங்கள். முதலில் நிற்கும் கட்டுரையின் திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆய்விதழின் முகப்புப் பக்கத்தில் கடைசியாக வந்த கட்டுரையின் திகதியைப் பாருங்கள். மூன்றாவதாக, உங்கள் வாசிப்பானில் கடைசியாக வந்து சேர்ந்தது எது என்று பாருங்கள்.

முகப்பு புதிது, ஓடை பழையது என்றால் கோளாறு வெளியீட்டாளரிடம். ஓடை புதிது, வாசிப்பான் பழையது என்றால் கோளாறு நம் பக்கம். மூன்றும் ஒரே திகதியில் நின்றால் அநேகமாகக் கோளாறே இல்லை. இதைச் செய்யாமல் செயலியை அழித்து மீண்டும் நிறுவுகிறவர்கள்தான் அதிகம். அழித்ததோடு சந்தாப் பட்டியலும் போன பிறகுதான் என்னிடம் வருகிறார்கள்.

"சொடுக்கினால் கிறுக்கல் எழுத்துகள் வருகின்றன"

இது கோளாறு அல்ல. அம்புக்குறி அடைப்புகள் நிறைந்த அந்தப் பக்கம்தான் ஓடை. முன்பெல்லாம் உலாவிகள் அதை அழகுபடுத்திக் காட்டின. ஃபயர்ஃபொக்ஸ் 2018 டிசம்பரில் வந்த 64 ஆவது பதிப்போடு அந்த வசதியை நீக்கிவிட்டது. பக்கத்தை வாசிக்க முயல வேண்டாம். மேலே உள்ள முகவரியை மட்டும் எடுத்து வாசிப்பானில் சேருங்கள்.

"ஆய்விதழின் பக்கத்தில் ஓடைச் சின்னமே இல்லை"

செம்மஞ்சள் நிறச் சின்னம் பல பக்கங்களில் இப்போது மறைந்துவிட்டது. பக்கத்தின் அடியிலும், விழிப்பூட்டல்கள் என்ற பொருளில் 'அலர்ட்ஸ்' என்று இருக்கும் பக்கத்திலும் ஒருமுறை தேடுங்கள். முகப்பு முகவரியை அப்படியே வாசிப்பானில் ஒட்டிப் பார்ப்பதும் பலன் தரும். பக்கத்தின் உள்ளே ஒளிந்திருக்கும் ஓடை முகவரியைப் பல வாசிப்பான்கள் தாமே கண்டுபிடித்துவிடும்.

கிடைக்கவில்லையா? ஐந்து நிமிடத்துக்கு மேல் தேடாதீர்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இலவசத் தளமான பப்மெட்டில் நீங்களே ஓர் ஓடை வெட்டிக்கொள்ளலாம். மேம்பட்ட தேடல் பக்கத்துக்குப் போய், புலங்களின் பட்டியலில் 'ஜேர்னல்' என்பதைத் தெரிவுசெய்து, ஆய்விதழின் பெயரைத் தட்டச்சு செய்யத் தொடங்குங்கள். கீழே விழும் பட்டியலிலிருந்து முழுப் பெயரையும் எடுங்கள். ஒரே மாதிரிப் பெயர் கொண்ட இதழ்கள் பல இருப்பதால் இங்கே அவசரம் கூடாது. ஐயம் இருந்தால் பெயருக்குப் பதிலாக, இதழுக்கென்று தனியாக உள்ள ஐ.எஸ்.எஸ்.என். இலக்கத்தைக் கொடுங்கள். தேடல் முடிவு வந்த பிறகே தேடல் பெட்டிக்குக் கீழே 'கிரியேட் ஆர்.எஸ்.எஸ்.' என்ற இணைப்பு தோன்றும். அதைச் சொடுக்கி, ஒரு பெயர் வைத்து, காட்டும் எண்ணிக்கையை 100 ஆக்கி, வரும் முகவரியைப் பிரதி எடுங்கள். முன்னிருப்பாக உள்ள சிறிய எண்ணிக்கையை அப்படியே விட்டுவிட்டு, பிறகு "பாதிதான் வருகிறது" என்று வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வெளியீட்டாளரின் சொந்த ஓடையை விட இந்த வழியையே நான் நம்புகிறேன். இதழ் எந்த நிறுவனத்துக்குக் கைமாறினாலும் பப்மெட்டின் ஓடை இடம் பெயராது. ஒரு குறை உண்டு: பப்மெட்டில் இல்லாத இதழுக்கு இது உதவாது. அதற்கு ஸ்கொட்லாந்தின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஜேர்னல்டொக்ஸ் என்ற இலவச அட்டவணையைப் பாருங்கள். ஆய்விதழ்களின் பொருளடக்க ஓடைகளை அங்கே ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நம் நாட்டுச் சிறு இதழ்கள் பல ஓ.ஜே.எஸ். என்ற திறந்த மென்பொருளில் இயங்குகின்றன. அதில் ஓடைக்கான செருகி உண்டு. நிர்வாகி அதை இயக்காமல் விட்டிருந்தால் சின்னம் தெரியாது. இதழின் ஆசிரியர் குழுவுக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். இது அவர்களுக்கு ஒரு நிமிட வேலை.

"இது ஓடையே அல்ல என்று வாசிப்பான் மறுக்கிறது"

வாசிப்பான் காட்டும் எண்ணைப் பாருங்கள். 404 என்றால் அந்த இடத்தில் கோப்பு இல்லை. 410 என்றால் வேண்டுமென்றே நிரந்தரமாக எடுத்துவிட்டார்கள். இரண்டுக்கும் புதிய முகவரி தேடுவதுதான் வழி. 500 அல்லது 503 என்றால் வழங்கிக்கு உடம்பு சரியில்லை. நாளை பாருங்கள், இன்று எதையும் தொட வேண்டாம்.

403 வேறு கதை. கோப்பு இருக்கிறது, உங்களுக்குத் தர மறுக்கிறார்கள். இயந்திரங்கள் தம் பக்கங்களை வாரி எடுப்பதைத் தடுக்கப் பெரிய வெளியீட்டாளர்கள் வாசலில் காவல் போட்டிருக்கிறார்கள். ஃபீட்லி, இனோரீடர் போன்ற இணைய வாசிப்பான்கள் தங்கள் வழங்கியிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களுக்காகப் போய்க் கேட்பதால் காவலாளிக்குச் சந்தேகம் வருகிறது. நீங்கள் உலாவியில் திறந்தால் அதே முகவரி வாய் திறக்கும். இந்த நிலையில் உங்கள் கணினியிலிருந்தே போய்க் கேட்கும் வாசிப்பானுக்கு மாறிப் பாருங்கள்: தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் செயலி, அல்லது மேற்கோள்களைச் சேமித்து ஒழுங்குபடுத்தும் சோட்டெரோ என்ற செயலியின் ஓடைப் பகுதி. அதுவும் சரிவராவிட்டால் மேலே சொன்ன பப்மெட் வழி இருக்கவே இருக்கிறது.

பணிமனை இணையத்தில் மறுத்து, உங்கள் கைத்தொலைபேசித் தரவில் திறந்தால், தடுப்பது பணிமனையின் வடிகட்டிதான். வெளியீட்டாளரைத் திட்ட வேண்டாம்.

எண் எதுவும் இல்லாமல் "கோப்பில் பிழை" என்று மட்டும் வந்தால், பெரும்பாலும் ஓர் எழுத்துதான் குற்றவாளி. 'மற்றும்' என்பதைக் குறிக்க ஆங்கிலத்தில் எழுதும் அந்தச் சுருள் குறியை ஓடைக் கோப்பில் நேராகப் போடக் கூடாது. அதற்கென்று மாற்றெழுத்து முறை உண்டு. யாரோ ஒருவர் தலைப்பில் அதை அப்படியே ஒட்டிவிட்டால் கோப்பு முழுவதும் செல்லாததாகிவிடும். ஒரு நெல்லுக்காக மூட்டையையே திருப்பி அனுப்புவது போலத்தான், ஆனால் விதி அப்படி. டபிள்யூ3சி அமைப்பின் ஓடைச் சரிபார்ப்புப் பக்கத்தில் முகவரியை ஒட்டினால் எந்த வரியில் பிழை என்று காட்டும். அந்த வரி எண்ணோடு இதழுக்கு எழுதுங்கள். "உங்கள் ஓடை வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் பதில் வராது.

"பிழை எதுவும் இல்லை, ஆனால் புதிதாக ஒன்றும் வரவில்லை"

மேலே சொன்னவை எல்லாம் சத்தம் போடும் கோளாறுகள். உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

மெலியோய்டோசிஸ் நம் பகுதிக்கு அந்நியமான நோய் அல்ல. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பற்றீரியாவால் வருவது அது. வடகீழ்ப் பருவ மழை தொடங்கினால் நம் வைத்தியர்கள் அதை நினைத்துக்கொள்வார்கள். அதைப் பற்றிய கட்டுரைகளுக்காக நான் ஓர் ஆய்விதழின் ஓடையை வைத்திருந்தேன். பெயர் வேண்டாம். ஒரு நாள் இளம் வைத்தியர் ஒருவர் அச்செடுத்த தாள்களோடு வந்தார்.

"அண்ணா, இது மார்ச்சில் வந்திருக்கிறது. நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லையே?"

"எனக்கு வரவில்லை, டொக்டர்."

"வரவில்லையா, பார்க்கவில்லையா?"

வரவில்லைதான். ஆனால் ஐந்து மாதமாக அந்த ஓடை பேசவில்லை என்பதை நான் கவனிக்கவும் இல்லை. இதழின் இணையத்தளம் புதிய மேடைக்கு மாறியிருந்தது. பழைய ஓடைக் கோப்பை யாரும் அழிக்கவில்லை. வாசிப்பான் ஒவ்வொரு நாளும் போய்க் கேட்டது. கோப்பு ஒவ்வொரு நாளும் "மாற்றம் இல்லை" என்று நல்ல பிள்ளையாகப் பதில் சொன்னது. 404 என்று வந்திருந்தால் அன்றே பிடித்திருப்பேன்.

ஆய்விதழ்கள் வீடு மாறுவது அபூர்வம் அல்ல. அரச வெப்பவலய மருத்துவச் சங்கத்தின் 'ட்ரான்ஸாக்ஷன்ஸ்' இதழ் 2013 இல் எல்செவியரிடமிருந்து ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக அச்சகத்துக்குப் போனது. ஹிந்தாவியின் இதழ்களை 2021 இல் வைலி வாங்கியது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஓடைகள் பழைய வீட்டில் தங்கிவிடக்கூடும். பப்மெட் கூட 2020 மே மாதத்தில் புதிய வடிவத்துக்கு மாறியது. அதற்கு முந்திய பழைய பக்கத்தில் உருவாக்கிய ஓடை இன்னும் உங்கள் பட்டியலில் கிடந்தால், அதை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள்.

ஆனால் எல்லா மௌனமும் மரணம் அல்ல. இதழின் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். 'லான்செட்', பி.எம்.ஜே. போன்றவை கிழமைக்கு ஒரு முறை வருபவை. இரண்டு கிழமை பேசாவிட்டால் ஏதோ நடந்திருக்கிறது. 'பி.எம்.சி. பப்ளிக் ஹெல்த்', 'பிளோஸ் நெக்லெக்டட் டிரொப்பிக்கல் டிசீசஸ்' போன்றவற்றில் கட்டுரைகள் தனித்தனியே வந்துகொண்டே இருக்கும். நான்கு நாள் மௌனமே எனக்குச் சந்தேகம் தரும். 1887 முதல் வரும் நம் 'சிலோன் மெடிக்கல் ஜேர்னல்' காலாண்டு இதழ். அது இரண்டு மாதம் பேசாமல் இருப்பதில் வியப்பு இல்லை. மூன்றாம் மாதம் ஒரே நாளில் மொத்தமாகக் கொட்டும்.

ஒரே இதழுக்கு 'நடப்பு இதழ்', 'முன்கூட்டி இணையத்தில்' என்று இரண்டு ஓடைகள் இருப்பதும் உண்டு. முதலாவதை மட்டும் எடுத்தவர், கட்டுரை வெளியாகி வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் அதைக் காண்பார். அவருக்கு ஓடை மெதுவானது என்று தோன்றும். ஓடை மெதுவானது அல்ல, வேறு ஓடை.

இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் ஒருவரைத் தவிர வேறு சந்தாதாரர் இல்லாத ஓடையை இணைய வாசிப்பான்கள் அடிக்கடி போய்ப் பார்ப்பதில்லை. பெரிய இதழை மணிக்கு ஒரு முறை பார்க்கும் செயலி, நீங்கள் மட்டும் உருவாக்கிய தேடல் ஓடையை நாளுக்கு ஓரிரு முறை பார்த்தால் அதிகம். அதற்கு மருந்து இல்லை. ஆய்விதழ் விடயத்தில் ஒரு நாள் தாமதம் பெரிதும் அல்ல.

என் மேசை நாட்காட்டியில் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் மாதங்களின் முதல் வேலை நாளில் ஒரு சிவப்பு வட்டம் இருக்கும். அன்று பட்டியலைக் கடைசிப் பதிவின் திகதிப்படி வரிசைப்படுத்தி, நீண்ட நாள் பேசாதவற்றை ஒவ்வொன்றாக உலாவியில் திறந்து பார்ப்பேன். இருபது ஓடைகளுக்கு அரை மணித்தியாலம் போகும்.

"ஒரே கட்டுரை இரண்டு, மூன்று தடவை வருகிறது"

ஓடையில் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாள இலக்கம் உண்டு. வாசிப்பான் தலைப்பைப் பார்ப்பதில்லை, இந்த அடையாளத்தைத்தான் பார்க்கிறது. கட்டுரை முதலில் இணையத்தில் வரும்போது ஓர் அடையாளம். பின்னர் இதழில் பக்க எண்ணோடு சேரும்போது இன்னொன்று. வாசிப்பானுக்கு அவை இரண்டு கட்டுரைகள். மேலே சொன்ன இரண்டு ஓடைகளையும் ஒருசேர வைத்திருந்தால் இது நிச்சயம். ஒன்றைக் கைவிடுங்கள், நானாக இருந்தால் 'நடப்பு இதழ்' ஓடையைக் கைவிடுவேன். அதே கட்டுரை இதழின் ஓடையிலும் உங்கள் பப்மெட் தேடல் ஓடையிலும் வருவதை ஒன்றும் செய்வதற்கில்லை. இரண்டு தடவை கண்ணில் படுவதால் யாரும் கெட்டுப்போகவில்லை.

"அடுத்த மாதத் திகதியோடு கட்டுரை வருகிறது", "தலைப்பில் அடைப்புக் குறிகள் தெரிகின்றன"

திகதி இதழின் அட்டையில் உள்ளது; கட்டுரை முன்பே வந்துவிட்டது. வாசிப்பானில் 'வந்து சேர்ந்த நேரம்' என்ற வரிசைக்கு மாறினால் குழப்பம் தீரும். தலைப்பில் அடைப்புக் குறிகள் தெரிவது, உயிரினப் பெயர்களைச் சாய்வெழுத்தில் காட்டப் போட்ட கட்டளையை வாசிப்பான் அப்படியே கக்குவதால். நுளம்பின் பெயரோ பற்றீரியாவின் பெயரோ உள்ள தலைப்புகளில்தான் இது அதிகம். பார்க்க அசிங்கம், பாதிப்பு இல்லை.

"தலைப்பு வருகிறது, சொடுக்கினால் பணம் கேட்கிறது"

ஓடை இலவசம், கட்டுரை இலவசம் அல்ல. இதைக் கோளாறு என்று சொல்ல முடியாது, ஆனால் இதற்காகத்தான் பலர் ஓடையையே கைவிடுகிறார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் வெளியீட்டாளர்களோடு சேர்ந்து 2002 இல் தொடங்கிய ஹினாரி என்ற கட்டுரை அணுகல் திட்டத்தின் வழியாக உங்கள் நிறுவனத்துக்கு அனுமதி இருந்தாலும், ஓடையின் இணைப்பைச் சொடுக்கினால் அது வேலை செய்யாது. ஓடை உங்களை நேரே வெளியீட்டாளரின் முன்வாசலுக்குக் கொண்டுபோய் விடுகிறது. உங்கள் அனுமதியோ ஹினாரியின் வாசலில் இருக்கிறது. முதலில் அங்கே உள்நுழைந்து, அங்கிருந்தபடி கட்டுரையைத் தேடித் திறக்க வேண்டும். தலைப்பைப் பிரதி எடுத்து ஒட்டினால் போதும். கடவுச்சொல் நிறுவனத்துடையது, நூலகரிடம் கேளுங்கள், நண்பரிடம் அல்ல.

அனுமதி இல்லாதவர்கள் கட்டுரையின் நிரந்தர அடையாளமான டி.ஓ.ஐ. இலக்கத்தை எடுத்து பப்மெட்டில் தேடுங்கள். பப்மெட் சென்ட்ரல் என்ற முழுக்கட்டுரைக் களஞ்சியத்தில் இலவசப் பிரதி இருந்தால் பக்கத்தின் ஓரத்தில் அதற்கான பொத்தான் இருக்கும். அன்பேவோல் என்ற உலாவிச் செருகி, ஆசிரியர்களே சட்டப்படி பொதுவில் வைத்த பிரதி எங்கேயாவது இருந்தால் பச்சைப் பூட்டுச் சின்னம் காட்டும். எதுவும் இல்லாவிட்டால் தொடர்புக்குரிய ஆசிரியருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல். எங்கே வேலை செய்கிறீர்கள், எதற்கு வேண்டும் என்று இரண்டு வரி எழுதினால், என் அனுபவத்தில் பெரும்பாலானோர் அனுப்பிவிடுகிறார்கள்.

"என் தேடல் ஓடையில் வர வேண்டிய கட்டுரை வரவில்லை"

இங்கே ஓடை நன்றாகவே ஓடும். குற்றம் தேடலில் இருக்கும்.

மெஷ் எனப்படும் பொருட்தலைப்புகளை மட்டும் கொண்டு தேடலை அமைத்தீர்களா? முன்பு மனிதர்கள் வாசித்து அந்தத் தலைப்புகளைச் சேர்க்க வாரங்களும் மாதங்களும் ஆயின. 2022 இல் அந்த வேலை இயந்திரத்துக்கு மாறிய பிறகு வேகம் கூடியிருக்கிறது. ஆனால் பப்மெட்டில் உள்ள எல்லாப் பதிவுகளும், மெஷ் தலைப்புகள் இடப்படும் மெட்லைன் என்ற தொகுப்பைச் சேர்ந்தவை அல்ல. சேராதவற்றுக்கு மெஷ் தலைப்பு கிடைப்பதே இல்லை. ஆகவே மெஷ் தலைப்போடு, தலைப்பிலும் சுருக்கத்திலும் வரக்கூடிய சாதாரணச் சொல்லையும் 'அல்லது' என்று இணைத்துத் தேடுங்கள். நோயின் பெயரோடு கிருமியின் பெயரையும் சேருங்கள். மெலியோய்டோசிஸ் கிருமிக்கு 1992 இல் பேரினப் பெயரே மாறியது. புதிய கட்டுரைகளுக்குப் புதிய பெயர் போதும், பழையதைத் துழாவினால் இரண்டும் வேண்டும்.

மேற்கோள் குறிக்குள் சொற்களைப் போட்டால் ஒத்த சொற்களையும் சேர்த்துத் தேட பப்மெட் தானாகச் செய்யும் சொல் விரிவாக்கம் நின்றுவிடும். நட்சத்திரக் குறி போட்டு சொல்லின் வாலை வெட்டினாலும் அப்படியே. குறிக்கு முன்னால் குறைந்தது நான்கு எழுத்துகளும் இருக்க வேண்டும். பிரித்தானிய, அமெரிக்க எழுத்துக்கூட்டல் வேறுபாட்டை பப்மெட் பெரும்பாலும் தானே சமாளித்துக்கொள்ளும். உங்கள் வாசிப்பானில் நீங்கள் போடும் வடிகட்டி சமாளிக்காது. குழந்தை மருத்துவத்தையும் இரத்தப்போக்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை நாம் ஓர் எழுத்துக் கூட்டி எழுதிப் பழகியவர்கள். அந்த ஓர் எழுத்தால் அமெரிக்க இதழ்களின் கட்டுரைகள் வடிகட்டியில் தங்கிப்போகும். இரண்டு வடிவங்களையும் கொடுங்கள்.

ஊர்ப் பெயர்கள் தனித் தலைவலி. அம்பாறையை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதுகிறார்கள், கல்முனையையும் அப்படியே. கிழக்கு மாகாண ஆய்வுகள் வேண்டும் என்று வந்த ஒருவருக்கு 'கிழக்கு மாகாணம்' என்பதன் ஆங்கிலத்தை மட்டும் போட்டு ஓடை அமைத்துக் கொடுத்தேன். அடுத்த கிழமை அவர் சிரித்துக்கொண்டே வந்தார். ஓடை நிறைய சவூதி அரேபியா. தம்மாம் இருக்கும் மாகாணத்துக்கும் அதே பெயர்தான். இலங்கை என்ற சொல்லையும் கட்டாயமாக்கிய பிறகே நம் ஊர் வந்தது.

எலிக்காய்ச்சல், டெங்கு எண்ணிக்கைகளை மட்டும் பின்தொடர விரும்புகிறவர்கள் இந்தப் பாடெல்லாம் படத் தேவையில்லை. தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையே நேராகப் போதும். அதில் கல்முனை, அம்பாறையிலிருந்து தனியாகப் பிரிந்து நிற்கும். மாவட்டக் கணக்கு என்று நினைத்து அம்பாறை வரியை மட்டும் எடுத்தால் கரையோர ஊர்கள் விடுபட்டுவிடும்.

"கணினியில் வருகிறது, கைத்தொலைபேசியில் வருவதில்லை"

அன்ட்ரொயிட் தொலைபேசிகள் மின்கலத்தைச் சேமிப்பதற்காகப் பின்னணியில் ஓடும் செயலிகளைத் தூங்க வைக்கின்றன. மின்கல அமைப்பில் வாசிப்பானுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். 'வைஃபையில் மட்டும் புதுப்பி' என்ற தெரிவு இயங்குகிறதா என்றும் பாருங்கள். வீட்டில் வைஃபை இல்லாதவருக்கு அந்தத் தெரிவு போட்டிருந்தால் ஓடை வரவே வராது. தரவு செலவாகும் என்ற பயம் வேண்டாம். படங்களை நிறுத்திவிட்டால் ஓடை வெறும் எழுத்துதான்.

தொலைபேசியே போய் எடுக்கும் வகை வாசிப்பான்களில் ஒரு பொறி இருக்கிறது. ஓடைக் கோப்பில் பெரும்பாலும் கடைசி இருபது, முப்பது பதிவுகளே நிற்கும். நிறையக் கட்டுரை வெளியிடும் இதழில் அவை இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும். நீங்கள் பத்து நாள் செயலியைத் திறக்காவிட்டால் இடையில் வந்தவை உங்களுக்கு வராமலே போய்விடும். 2022 இல் நாளுக்குப் பல மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல், தொலைபேசியை அணைத்து வைத்துச் சமாளித்த காலத்தில் இதைப் பலர் அனுபவித்தார்கள். வழங்கியில் சேமித்து வைக்கும் வாசிப்பானில் இந்த இழப்பு இல்லை. பரபரப்பான இதழ்களுக்கு அதையும், காலாண்டு இதழ்களுக்கு எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

"வாசிக்காதவை ஆயிரத்தைத் தாண்டிவிட்டன"

எல்லாவற்றையும் 'வாசித்தது' என்று குறியுங்கள். இப்போதே. குற்ற உணர்ச்சி வேண்டாம்; முக்கியமான கட்டுரை வேறு வழியில் மீண்டும் வரும்.

பிறகு பட்டியலைப் பாருங்கள். முதல் நாள் உற்சாகத்தில் அறுபது இதழ்களைச் சேர்த்திருப்பீர்கள். விடுதிக் கடமை முடித்துக் கல்லடிப் பாலத்தைக் கடந்து வீடு போகும் தாதிய உத்தியோகத்தருக்கு அறுபது இதழ் எதற்கு? ஒருவருக்கு நான் சொல்வது ஏழு: துறை சார்ந்த இதழ் மூன்று, பொது மருத்துவ இதழ் ஒன்று, கொக்ரேன் ஆய்வுத் தொகுப்புகள், நம் நாட்டு இதழ் ஒன்று, சொந்தத் தேடல் ஓடை ஒன்று. பொது இதழ்களில் ஆசிரியருக்குக் கடிதம், செய்தி, புத்தக அறிமுகம் எல்லாம் ஒரே ஓடையில் வந்து நெரிக்கும். அவற்றை இதழின் ஓடையாக எடுக்காமல், பப்மெட்டில் அந்த இதழின் பெயரோடு 'மருத்துவப் பரிசோதனை' (கிளினிக்கல் ட்ரயல்), 'முறையான மீளாய்வு' என்ற கட்டுரை வகை வடிகட்டிகளையும் போட்டு ஓடை எடுத்தால் கூட்டம் பெருமளவு குறையும். சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வுக்கு முன்பே வெளியாகும் முன்வெளியீடுகள் வேண்டாம் என்றால் அதற்கும் அங்கே ஒரு வடிகட்டி உண்டு.

மூன்று மாதத்தில் ஒன்றையேனும் திறக்காத ஓடையை நான் வெட்டிவிடுவேன். சந்தா இலவசம் என்பதற்காக வைத்திருப்பது, வாசலில் செருப்பு நிறைய வைத்திருப்பது போல. எதைப் போடுவது என்று தேடியே நேரம் போகும்.

"நான் சேமித்து வைத்த கட்டுரை மீளப் பெறப்பட்டதாக யாரோ சொன்னார்கள்; ஓடையில் வரவில்லையே"

வந்திருக்கும், வேறு பதிவாக. ஓடை பழைய பதிவைத் திருத்துவதில்லை. கொவிட் காலத்தில் ஹைட்ரொக்ஸிகுளோரோகுயின் பற்றி 'லான்செட்' 2020 மே 22 இல் வெளியிட்ட கட்டுரையை ஜூன் 4 இல் ஆசிரியர்கள் மீளப் பெற்றார்கள். பதின்மூன்று நாள். மே மாதம் அதைச் சேமித்து வைத்துவிட்டு ஜூனில் ஓடையைத் திறக்காதவரின் கோப்புறையில் அது இன்றும் நல்ல கட்டுரையாகவே இருக்கும்.

வாசிப்பானில் நட்சத்திரம் போட்டுச் சேமிப்பதை நிறுத்துங்கள். மேற்கோள் காட்டவோ விடுதியில் பயன்படுத்தவோ போகும் கட்டுரையைச் சோட்டெரோவுக்கு மாற்றுங்கள். அது 2019 முதல் ரிட்ராக்ஷன் வொட்ச் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, உங்கள் சேமிப்பில் மீளப் பெறப்பட்ட கட்டுரை இருந்தால் சிவப்புக் குறியிட்டுக் காட்டுகிறது.

"வாசிப்பானை மூடப்போகிறார்களாம்"

கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 ஆம் திகதி மூடப்பட்டபோது முன்னறிவித்தல் இருந்தும் பட்டியலை இழந்தவர்கள் உண்டு. உங்கள் வாசிப்பானின் அமைப்பில் ஏற்றுமதி என்ற பகுதியைத் திறந்து, உங்கள் சந்தாப் பட்டியல் அடங்கிய ஓ.பி.எம்.எல். கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். எந்த வாசிப்பானிலும் அதை ஏற்றலாம். கோப்பு மிகச் சிறியது. உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். எங்கள் நூலகத்தில் ஓடை அமைத்துக்கொண்டவர்களின் பட்டியல்களை நான் ஒரு தட்டில் சேர்த்து வைத்திருக்கிறேன். தொலைபேசி வாவியில் விழுந்துவிட்டது என்று வந்த ஒருவருக்கு அதிலிருந்துதான் திருப்பி ஏற்றிக் கொடுத்தேன்.